செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் பிடிக்குதில்லை

"செல்ஃப் நல்லா அடிக்குது நானா, ஸ்டார்ட் மட்டும் பிடிக்குதில்ல."

புத்தளத்துப் பாலாவியில் கராஜ் நடத்தும் இந்த இருபத்தைந்து வருஷத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். உப்பு லொறிக்காரர் சொல்வார். கற்பிட்டியிலிருந்து சின்ன வெங்காயம் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைச் சந்தைக்குப் போகிறவர் சொல்வார். முந்தல் பக்கம் இறால் பண்ணைக்குத் தீன் ஏற்றுகிறவர், உடப்பில் கருவாடு கட்டுகிறவர் எல்லாரும் இதையே சொல்வார்கள். சொன்ன கையோடு பழி சுமத்த ஒரு பாகத்தையும் தயாராக வைத்திருப்பார்கள். பம்ப் போயிருக்கும், நொசல் அடைத்திருக்கும் என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "அடிக்கக்குள்ள சைலன்சரால புகை வந்துச்சா? என்ன நிறம்?"

அநேகமாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சாவியைத் திருப்புகிறவர் முன்னால் இருக்கிறார், புகை பின்னால் வருகிறது. அதனால் கராஜில் உள்ள பையனைப் பின்னால் நிறுத்திவிட்டுத்தான் நான் சாவியைத் தொடுவேன். ஸ்பனர் பெட்டி அதுவரை மூடியே இருக்கும்.

பெட்ரோல் எஞ்சினுக்குப் பிளக் நெருப்புக் கொடுக்கிறது. டீசல் எஞ்சினுக்கு அப்படி யாரும் கொடுப்பதில்லை, காற்றே நெருப்பாக வேண்டும். ருடோல்ஃப் டீசல் 1893 இல் காப்புரிமை பெற்று, 1897 இல் ஜெர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் ஓட்டிக் காட்டியது இதைத்தான். காற்றைப் பதினேழு, பதினெட்டு மடங்கு நெருக்கினால் 500 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறும். அந்தச் சூட்டுக்குள் டீசலைப் பனிப்புகார் மாதிரிப் பீச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். ஆகவே எஞ்சின் பிடிக்க மூன்று காரியம் கூடி வர வேண்டும்: காற்று சூடாகும் வேகத்தில் எஞ்சின் சுற்ற வேண்டும், டீசல் பூவாகச் சிதற வேண்டும், அது சரியான நேரத்தில் நடக்க வேண்டும்.

இதில் எது வரவில்லை என்பதைப் புகை சொல்லிவிடும். எவ்வளவு அடித்தும் சைலன்சர் வாயில் ஒரு துளி புகையும் இல்லையென்றால் டீசல் உள்ளே போகவே இல்லை. வெள்ளைப் புகை, அதுவும் மூக்கில் டீசல் மணம் ஏறும் புகை வந்தால், டீசல் போகிறது, எரியவில்லை. சூடு போதவில்லை, அல்லது கம்ப்ரஷன் இல்லை, அல்லது நேரம் தப்பிவிட்டது. கறுத்த புகை என்றால் காற்று வரும் வழியைப் பார்க்க வேண்டும்; எங்கள் ஊர் மணலுக்கு எயார் கிளீனர் அடைவது பெரிய அதிசயமல்ல. சாவியை அரை நிமிடம் திருப்பினாலே இவ்வளவும் தெரிந்துவிடும். ஒரு சதம் செலவில்லை. இதைப் பார்க்காமல் ஃபில்டரும் பற்றரியும் மாற்றிவிட்டு, பம்பைக் கழற்றுவதற்கு முதல்நாள் என்னிடம் வருகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரியும்.

இந்தப் பழக்கத்தை எனக்குப் பழக்கியவர் மன்னார் தீவுக்காரர். 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, படகில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்களில் ஒருவர். அவர் சேர்த்து வைத்திருந்த ஸ்பனர்கள் எல்லாம் மன்னாரிலேயே நின்றுவிட்டன. அகதி முகாமில் இருந்துகொண்டு, ஒரு வேப்பமரத்தடியில், யாரோ இரவல் கொடுத்த 17 ரிங் ஸ்பனரோடு மறுபடியும் தொழிலைத் தொடங்கினார். நான் அவரிடம் சேர்ந்தபோது அவரிடம் மூன்று சாமான் கூடுதலாக இருந்தன. இரண்டு வயர் பிடித்த ஒரு 24 வோல்ட் பல்ப், ஒரு முழ நீளத்தில் உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் பைப், ஒரு பழைய சர்பத் போத்தல். மாற்றிப் போட்டுப் பார்க்க அவரிடம் பாகம் இல்லை, வாங்கப் பணமும் இல்லை. ஆகவே காதாலும் கண்ணாலும் வேலை செய்தார். வறுமையில் பிறந்த முறை என்று அதைத் தள்ளிவிட முடியாது. பிறகு எனக்கு மீட்டரும் கேஜும் வாங்க வசதி வந்தது. அவர் வைத்த வரிசையை நான் மாற்றவில்லை.

முதலில் காது. லொறிக்காரர் "நல்லா அடிக்குது" என்பார். அவர் காதுக்கு அது நல்ல அடிதான். எஞ்சின் நிமிடத்துக்கு நூற்றைம்பது, இருநூறு சுற்றாவது சுற்றாவிட்டால் நெருக்கின காற்றின் சூடு சிலிண்டர் சுவரில் இறங்கிவிடும், மிச்சக் காற்று ரிங் வழியாகக் கசிந்துவிடும். "கர்ர்... கர்ர்..." என்று இழுத்து இழுத்து வருகிற அடியில் பம்பும் நொசலும் புதிதாக இருந்தாலும் வண்டி பிடிக்காது. நான்கு சிலிண்டரும் ஒரே தாளத்தில் வருகிறதா, நாலில் ஒன்று நொண்டுகிறதா என்பதையும் காதுதான் முதலில் பிடிக்கும். நொண்டினால் அந்தச் சிலிண்டரில் நெருக்கம் இல்லை. எந்தச் சுமையும் இல்லாததுபோல மாவு மில் மாதிரி விசுக்கென்று சுற்றினால், டைமிங் பெல்ட் உள்ள வண்டிகளில் பெல்ட் அறுந்திருக்கலாம். அந்த நேரம் மேலும் மேலும் அடிப்பது வால்வை வளைக்கும் வேலை. உடனே கையை எடுத்துவிட வேண்டும்.

இழுத்து அடிக்கிற வண்டிக்கு எங்கள் கரையில் முதல் சந்தேகம் பற்றரி அல்ல, எர்த். வெளிநாட்டுக் கைநூல்கள் ஹீட்டர் பிளக்கில் தொடங்கும், அது பனி விழும் நாட்டுக்குச் சரி. புத்தளத்தில் விடியற்காலையிலும் வேர்க்கிறது. இங்கே எதிரி உப்பு. உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலும் களப்பும் சூழ்ந்த இந்த ஊரில் பெரும்பாலான இரவுகள் அந்த அளவைத் தாண்டும். ஆகவே பகலில் வயர் முனையில் படிந்த வெள்ளைத் தூள், இரவில் உப்புத் தண்ணீராகிவிடுகிறது. எர்த் வயரின் செம்பு முனை, சேசிஸின் இரும்பு, இடையில் உப்புத் தண்ணீர். இரும்பு தின்னப்பட இதைவிட என்ன வேண்டும்? வெளியிலிருந்து பார்த்தால் நட் இறுக்கமாக இருக்கும், வயரும் தடிப்பாக இருக்கும். கழற்றினால் உள்ளே பச்சையும் செம்மண் நிறமுமாக மாவு கொட்டும்.

இதைக் கண்டுபிடிக்க மீட்டரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகட்டிவ் கம்பத்திலும், மறுமுனையை எஞ்சின் பிளொக்கில் சுரண்டிய ஓரிடத்திலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் சுத்தம். ஒரு தடவை எனக்கு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அந்த லொறிக்கு அந்த மாதம் மட்டும் இரண்டு பற்றரி புதிதாக வாங்கியிருந்தார்கள். எனக்குத் தொழில் பழக்கிய அந்த மூத்தவர் மீட்டர் இல்லாத காலத்தில் செய்தது இன்னும் எளிது. அடித்து முடித்ததும் எர்த் முனையைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் பற்றரியின் பலம் அங்கேயே செத்துப்போகிறது என்று அர்த்தம்.

அடி நன்றாக இருக்கிறது, புகை இல்லை என்றால் வேறு வழியில் போக வேண்டும். நான் மறக்காத ஒரு வண்டியைச் சொல்கிறேன். உப்பு ஏற்றும் பழைய டாட்டா 1210, பென்ஸ் பரம்பரையில் வந்த ஆறு சிலிண்டர் எஞ்சின். வேறொரு கராஜில் இரண்டு நாள் நின்றிருந்தது. ஃபில்டர் இரண்டும் மாற்றி, எயார் எடுத்து, ஒன்றும் சரிவராமல் பம்பைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்புவதாக முடிவாகியிருந்தது. பெட்டியில் உப்பு, மேலே மழை மேகம். உரிமையாளர் கடைசி நம்பிக்கையாக என்னை அழைத்திருந்தார்.

அடிக்கச் சொன்னேன். அடி பிரமாதம், புகை சுத்தமாக இல்லை. பம்புக்கு வரும் பைப்பைத் தளர்த்தி லிஃப்ட் பம்பைக் கையால் அமத்தினேன். டீசல் குமிழி இல்லாமல் நிறைந்து வழிந்தது. பிறகு ஒரு நொசல் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தித் துணியால் மூடி மறுபடி அடிக்கச் சொன்னேன். துணி நனையவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது, ஆறும் வறண்டு கிடந்தன. இந்த இடத்தில் ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு யோசிக்க வேண்டும். பம்புக்குள் ஆறு பிளஞ்சர் இருக்கின்றன. தேய்ந்தால் ஒவ்வொன்றாகத் தேயும், நேற்று ஓடிய வண்டியில் ஆறும் ஒரே இரவில் சாகாது. ஆறுக்கும் பொதுவான ஒன்றுதான் தடுத்திருக்கிறது. ஆறுக்கும் பொதுவானது நிறுத்துகிற லீவர்.

குனிந்து பார்த்தேன். லீவர் ஸ்டொப் பக்கமே சாய்ந்து கிடந்தது. கேபினில் இழுக்கிற குமிழ் உள்ளே போய்த்தான் இருந்தது. ஆனால் உறைக்குள் துருவேறிய கேபிள் லீவரை விடவில்லை. விரலால் தள்ளினேன், முனகிக்கொண்டு நகர்ந்தது. நட்டுகளை இறுக்கி, எயார் எடுத்து, "இப்ப அடிங்க" என்றேன். இரண்டாவது சுற்றில் சைலன்சர் வாயில் வெள்ளைத் திரி எழும்பியது, அடுத்ததில் எஞ்சின் பிடித்தது. பம்பு கழற்ற வந்திருந்த பையன் என் முகத்தையும் லீவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கெட்டிக்காரன், கை நேர்த்தியானவன். அவனுக்கு யாரும் அந்த ஒரு நிமிடத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை. இப்போது என்னோடுதான் வேலை செய்கிறான்.

நொசல் நட் தளர்த்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. நொசல் திறக்க இருநூறு பாருக்குக் கிட்டிய அழுத்தம் வேண்டும். அந்த வேகத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் ஊசி குத்தின அடையாளம்தான் தெரியும், உள்ளே சதை அழுகும். விரல் வைத்துப் பார்க்கிற பழக்கம் உள்ள தம்பிமார் இன்றோடு அதை விட்டுவிடுங்கள். அப்படிக் குத்துப்பட்டால் வலி இல்லையென்று இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்தக் கேபிள் இல்லாத, சாவியாலேயே நிற்கிற வண்டிகளில் பம்பின் தலையில் ஒரு சொலனொயிட் இருக்கும். சாவியை ஒன் பண்ணி வயரைக் கழற்றித் தொட்டால் "டிக்" என்று கேட்க வேண்டும். கேட்டால் போதும் என்று விட்டுவிடக் கூடாது, செல்ஃப் அடிக்கும்போதும் அங்கே கரண்ட் இருக்கிறதா என்று பல்ப் போட்டுப் பார்க்க வேண்டும். சில பழைய சாவி சுவிட்சுகள் ஒன் நிலையில் கரண்ட் கொடுக்கும், ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பினால் விட்டுவிடும். அப்போது எவ்வளவு அடித்தாலும் பிடிக்காது. கையை விடும் அந்தக் கணத்தில் ஒரு தரம் பிடிக்கப் பார்க்கும். "விடக்குள்ள ஒரு உலுக்கு உலுக்குது" என்று லொறிக்காரர் சொன்னால் நான் நேரே சுவிட்சுக்குப் போய்விடுவேன். லொறிக்காரரின் வாயிலிருந்து வரும் சின்னச் சொல்லை அசட்டை பண்ணக் கூடாது. கராஜ்காரர்களில் பலர் அவரைப் பேசவே விடுவதில்லை.

சர்பத் போத்தலின் கதைக்கு வருகிறேன். ஒரு எல்ஃப், கற்பிட்டி வெங்காய வண்டி. ஒவ்வொரு காலையும் பிடிக்காது. கைப்பம்பை அமத்தி எயார் எடுத்தால் பிடிக்கும், பிறகு நாள் முழுக்கத் தம்புள்ளை போய்த் திரும்பி வரும். அடுத்த காலை மறுபடி அதே கதை. வண்டிக்குக் கீழே ஒரு சொட்டு டீசல் ஒழுகினதில்லை. "ஒழுக்கில்லாமல் எப்படி எயார் வரும்?" என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. டாங்கியிலிருந்து லிஃப்ட் பம்ப் வரையுள்ள பைப்பில் டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஓடும்போது போகிற சிறு காற்றை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். இரவில் வண்டி நிற்கும்போது அந்த ஓட்டையால் காற்றுப் புகுந்து, டீசல் முழுதும் டாங்கிக்கே வழுக்கிப் போய்விடும்.

சேசிஸ் நீளத்துக்கு ஓடும் பைப்பில் ஊசி முனை ஓட்டையைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுகிற வேலை. மூத்தவர் அப்படித் தேடமாட்டார். போத்தலில் சுத்தமான டீசல் நிரப்பி, எஞ்சினுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து நேராக லிஃப்ட் பம்புக்குப் பைப் கொடுத்துவிடுவார். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றுவது மாதிரி. திரும்பி வரும் பைப்பையும் அதே போத்தலுக்குள் விட வேண்டும், இல்லாவிட்டால் போத்தல் சடுதியில் காலியாகிவிடும். போத்தலோடு வண்டியை இரவு விட்டு, காலையில் ஒரே அடியில் பிடித்துவிட்டால் எஞ்சின், பம்ப், நொசல் அத்தனையும் குற்றமற்றவை. கோளாறு பின்னால், டாங்கிக்கும் பம்புக்கும் இடையில். பாதி லொறியை ஒரு போத்தலால் வழக்கிலிருந்து விடுவித்துவிடலாம்.

அந்த எல்ஃபில் மிச்சப் பாதியை உள்ளே தெரிகிற பைப் சொல்லித் தந்தது. இடையிடையே அதைச் செருகிக் குமிழி ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே பின்னுக்குப் போனேன். சேசிஸோடு பைப்பைப் பிடித்திருக்கிற கிளிப்புக்கு அடியில், மணலும் உப்பும் சேர்ந்து ஈரம் காயாமல் கிடந்த இடத்தில், இரும்புப் பைப் காகிதமாகியிருந்தது. பைப் ஓட்டையாகிற இடமும் கிளிப் பிடித்திருக்கிற இடமும் ஒன்றாகவே இருப்பதை எத்தனையோ வண்டிகளில் பார்த்துவிட்டேன். கிளிப்பைத் தளர்த்திப் பார்க்காத சோதனை சோதனையே அல்ல.

2022 ஆம் ஆண்டை இந்தக் கரையில் லொறி வைத்திருந்த யாரும் மறக்கமாட்டார்கள். 2021 டிசம்பரில் ஒரு லிட்டர் டீசல் 121 ரூபாய். 2022 ஜூனில் 460. காசு இருந்தாலும் டீசல் இல்லை. கியூவில் இரண்டு நாள், மூன்று நாள் லொறிக்குள்ளேயே படுத்தவர்கள் உண்டு. ஜூலையில் கியூஆர் பங்கீட்டு முறை வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டோம். அந்த மாதங்களில் கிடைத்த டீசலைக் கலனிலும் பரலிலும் சேர்த்து வைத்தார்கள். சேர்த்து வைத்த டீசலுக்கு அடியில் தண்ணீர் இறங்கியது, தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் பாசி மாதிரி ஒரு வழுவழுப்பு வளர்ந்தது. அது ஃபில்டரில் ஏறினால் கறுத்த களி. மண்ணெண்ணெய் அந்த ஓகஸ்ட் வரைக்கும் 87 ரூபாய்தான், பிறகு 340 ஆனது. பக்கத்தில் 460 ரூபாய் டீசல் நிற்கும்போது 87 ரூபாய் மண்ணெண்ணெயைக் கலக்காதே என்று யாரிடம் சொல்வது? வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். கலந்தவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

ஆனால் பம்ப் மன்னிக்கவில்லை. டீசலில் இருக்கிற வழுக்கு மண்ணெண்ணெயில் இல்லை. வரிசைப் பம்பின் அடிப்பாகத்துக்கு எஞ்சின் ஓயிலாவது கிடைக்கும். ரோட்டரி பம்புக்கு ஓடுகிற டீசலே ஓயில். அந்த வருஷத்தின் தேய்மானம் இன்றும் என் கராஜுக்கு வந்துகொண்டிருக்கிறது. அதன் அடையாளம் தனி. காலையில் குளிர்ந்த வண்டி அழகாகப் பிடிக்கும். சிலாபம் வரைக்கும் ஓடி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து அடித்தால் பிடிக்காது. ஒரு மணித்தியாலம் ஆறவிட்டால் மறுபடி பிடிக்கும். சூட்டில் டீசல் மெலிந்து, தேய்ந்த இடைவெளியால் கசிந்துவிடுகிறது; நொசலைத் திறக்கும் அழுத்தம் ஏறுவதில்லை. இதற்குச் சோதனை ஒரு சாக்கு. தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சாக்கைப் பம்பின் மேல் போட்டுப் பத்து நிமிடம் விட வேண்டும். கொதிக்கிற பம்பில் வாளியால் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது, உள்ளே இறுகிப் பிடித்துவிடும். சாக்குப் போட்ட பிறகு வண்டி பிடித்தால் பம்பின் தலை தேய்ந்தது நிச்சயம். அப்போதுதான், அப்போது மட்டும்தான், பம்பைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்புவது நியாயம்.

வெள்ளைப் புகை எங்கள் ஊரில் குறைவு. வருவதில் பாதி மலைநாட்டிலிருந்து போன் வழியாக வரும். ஒருமுறை கருவாடு ஏற்றிப்போன வண்டி நுவரெலியாவில் ஓர் இரவு நின்று, காலையில் பிடிக்கவில்லை. புகை என்ன நிறம் என்று கேட்டேன். "வெள்ள நானா, வெள்ள, கண்ணு எரியுது." இங்கே பிடித்த வண்டி அங்கே ஏன் பிடிக்கவில்லை? நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. விடியற்காலையில் பத்துப் பாகைக் குளிர். அந்த வண்டியின் ஹீட்டர் பிளக்குகள் எப்போதோ எரிந்து போயிருந்தன, எத்தனை வருஷமோ தெரியாது. புத்தளத்துச் சூட்டில் அவை தேவைப்படாததால் செத்தது யாருக்கும் தெரியவில்லை. வெயில் ஏறும் வரைக்கும் பொறுக்கச் சொன்னேன், ஒன்பதரைக்குப் பிடித்துவிட்டது. அங்கே நின்ற ஒருவர் பெட்ரோல் துணியை எயார் வாயில் வைத்து அடிக்கச் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, என்னிடம் கேட்டார்கள். பெட்ரோல் நேரம் பார்த்து எரியாது, பிஸ்டன் ஏறி வரும்போதே வெடித்து ரிங்கையும் பிஸ்டனையும் உடைக்கும். ஒரு காலை மிச்சமாகும், ஓர் எஞ்சின் போய்விடும்.

நான் செய்த பிழையையும் இங்கே எழுதத்தான் வேண்டும். சொந்தமாகக் கராஜ் திறந்த முதல் வருஷம். ஒரு சின்னக் கருவாட்டு வியாபாரியின் வண்டி. புகை இல்லை, நொசலுக்கு டீசல் வருவது மட்டம். கைப்பம்பை அமத்தினால் சோர்ந்துபோய் வந்தது. போத்தல் கட்டிப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. பம்ப்தான் என்று தீர்ப்புச் சொல்லிக் கழற்றிவிட்டேன். கொழும்பு போய் வர நான்கு நாள். பூட்டி அடித்தால் அதே நிலைமை. மூத்தவரைக் கூட்டி வந்தேன். அவர் லிஃப்ட் பம்புக்குள் டீசல் நுழையும் போல்ட்டைக் கழற்றி, அதற்குள் இருந்த விரல் நுனி அளவு சல்லடையை எடுத்துக் காட்டினார். களியால் மூடியிருந்தது. ஊதினார், பூட்டினார், வண்டி பிடித்தது. ஐந்து நிமிடம்.

அவர் ஏசவில்லை. "அந்த மனுசன்ட நாலு நாளுக்கு யாரு பதில் சொல்றது?" என்று மட்டும் கேட்டார். பம்புக் காசை நான் கட்டினேன். நான்கு நாளில் ஈரம் பிடித்து வீணான கருவாட்டுக்கு என்னால் முழுதாகக் கட்ட முடியவில்லை. அந்த வியாபாரி பிறகும் என்னிடமே வந்தார். அவருடைய வண்டிக்கு நான் இன்றைக்கும் கூலி பேசுவதில்லை.

பழைய லொறிகளைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல்தான் மறுபடி சாதாரணமாகத் திறந்தது. அந்த ஐந்து வருஷமும் இந்த மாவட்டத்தின் உப்பையும் மீனையும் வெங்காயத்தையும் தேங்காயையும் சுமந்தவை முப்பது, நாற்பது வயது எல்ஃபும் கன்டரும் டாட்டாவும்தான். அவற்றில் கம்ப்யூட்டர் இல்லை. மறைப்பதற்கு ஒன்றுமில்லாத எஞ்சின்கள். கேட்டால் பதில் சொல்லும். அவை நிற்பது பெரும்பாலும் வயதால் அல்ல, ஒரு வயர் முனையாலோ ஒரு கிளிப்பாலோ ஒரு கேபிளாலோதான்.

உப்பு ஏற்றுகிற தம்பிமாருக்கு ஒன்று சொல்வேன். கடைசிச் சுமையை இறக்கியதும் சேசிஸின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உவர்க் கிணறாக இருந்தால் வேண்டாம், அது உப்பின் மேல் உப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எர்த் வயரைக் கழற்றி, இரும்பு மின்னும் வரைக்கும் சுரண்டி, இறுக்கிப் பூட்டிய பிறகு மேலால் கிரீஸ் பூசுங்கள். ஸ்டொப் கேபிள் உள்ள வண்டியென்றால் உறைக்குள் நாலு சொட்டு ஓயில் விடுங்கள். டாங்கியை இரவில் பாதியாக விடாதீர்கள், காலியாக இருக்கும் இடத்தில் ஈரக் காற்று தண்ணீராகிறது. இவ்வளவும் செய்த பிறகும் ஒரு காலை செல்ஃப் அடித்து ஸ்டார்ட் பிடிக்காவிட்டால் எனக்குப் போன் எடுங்கள். எடுப்பதற்கு முன் ஒருவரை வண்டிக்குப் பின்னால் அனுப்பிப் புகையைப் பார்த்துவிடுங்கள்.